குமரிக் கண்டம்: பொருந்தாத வரைபடங்கள்

கடல் கொண்டதாகச் சொல்லப்படும் தமிழ் நிலத்தின் முதல் வரைபடம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழில்தான் வெளிவந்தது. ஆண்டு 1916. எஸ். சுப்பிரமணிய சாஸ்திரி எழுதிய கட்டுரையோடு அந்தப் படம் வந்தது. அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளில் அதே நிலத்துக்குப் பல வரைபடங்கள் வந்துவிட்டன. அவற்றைக் காலவரிசையில் அடுக்கிப் பார்ப்பவர்களுக்கு முதலில் ஏற்படுவது திகைப்பு. ஒன்றில் அது குமரிமுனைக்குக் கீழே நீளும் தீபகற்பம். இன்னொன்றில் இந்தியப் பெருங்கடலையே மூடிக் கிடக்கும் கண்டம். 1946க்கு முந்தைய படங்களில், முதல் இரு தமிழ்ச் சங்கங்கள் இருந்ததாகச் சொல்லப்படும் தென்மதுரைக்கோ கபாடபுரத்துக்கோ இடம் குறிக்கப்படவில்லை. பிந்தையவற்றில் இரண்டும் ஊர்களாக நிற்கின்றன. எல்லை, பரப்பு, ஆறுகளின் போக்கு, காலம் என எதிலும் உடன்பாடு கிடையாது.

இந்த உடன்பாடின்மையைக் காட்டிக் குமரிக் கண்டத்தைப் புறந்தள்ளுவோர் ஒரு பக்கம். அதைக் கண்டும் காணாததுபோல் கடைசியாக வந்த பெரிய படத்தை மட்டும் பகிர்வோர் மறுபக்கம். இரு தரப்பும் வரைபடங்களை உற்றுப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். ஒவ்வொரு படமும் எந்த இடத்தில் மற்றொன்றோடு முரண்படுகிறது என்று பார்த்தால், அதை வரைந்தவர் எந்த வரியை நம்பினார், எந்த அளவுகோலை எடுத்துக்கொண்டார், எங்கிருந்து ஓரத்தை வாங்கினார் என்பதெல்லாம் தெரியவரும்.

இந்த ஆய்வுக்கு, மதுரையை ஒட்டிச் சமணர் மலை அடியில் இருக்கும் கீழக்குயில்குடியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. சில கிலோமீட்டர் தொலைவில் விளாச்சேரி. 1870இல் அங்கே பிறந்த சூரியநாராயண சாஸ்திரிதான் பின்னாளில் பரிதிமாற் கலைஞர் ஆனார். தமது 'தமிழ்மொழியின் வரலாறு' நூலில், 1903இல், குமரிநாடு வடக்கே கன்னியாகுமரியிலிருந்து தெற்கே கெர்குலன் தீவுகள் வரையும், மேற்கே மடகாஸ்கரிலிருந்து கிழக்கே சுந்தாத் தீவுகள் வரையும் பரந்திருந்ததாக எழுதினார். இன்னொரு பக்கம் பசுமலை. அங்கே வீடு கட்டி வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் 1912இலேயே அந்நிலம் சீனத்தையும் ஆப்பிரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் குமரியையும் தொட்டதாக எழுதியவர். நகருக்குள் போனால், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம். கண்டத்தை விரித்தவர்களும் அதைச் சுருக்கிக் காட்டிய முதல் வரைபடமும் இந்த ஒரு வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

வரைபடக்காரர்களின் கையில் இருந்த தமிழ்ச் சான்றுகள் என்னென்ன? மிகச் சில. புறநானூற்றின் 9ஆம் பாட்டு பஃறுளி ஆற்றைப் பெயர் சொல்கிறது. கலித்தொகையில் ஒரு பாட்டு, கடல் நிலத்தைக் கொண்டபின் பாண்டியன் பகைவர் நாட்டில் இடம் பிடித்ததைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, பஃறுளியாறும் குமரி மலையும் கடலுக்குள் போனதையும் பாண்டியன் வடக்கே இமயம் வரை கொண்டதையும் பேசுகிறது. இவை எவற்றிலும் நீள அகலம் இல்லை. இறையனார் அகப்பொருள் உரையில்தான் மூன்று சங்கங்களின் கணக்கு வருகிறது: தலைச்சங்கம் கடல் கொண்ட மதுரையில் 4,440 ஆண்டு, இடைச்சங்கம் கபாடபுரத்தில் 3,700 ஆண்டு, கடைச்சங்கம் இன்றைய மதுரையில் 1,850 ஆண்டு. அதிலும் எண்கள் ஆண்டுக்கும் அரசருக்கும் புலவருக்கும்தான் உண்டு, தூரத்துக்கு இல்லை.

தூரத்தை முதலில் சொல்பவர் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம் என்றார். அந்த நிலத்தில் தெங்க நாடு, மதுரை நாடு, முன்பாலை நாடு, பின்பாலை நாடு, குன்ற நாடு, குணகாரை நாடு, குறும்பனை நாடு என்று வகைக்கு ஏழாக 49 நாடுகள் என்றார். அவர் காலம் 12ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குச் சற்றுப் பின். தாம் விவரிக்கும் நிகழ்ச்சிக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியவர். பின்னால் வந்த அத்தனை வரைபடங்களும் இந்த ஒருவரின் ஒரு பத்தியிலிருந்தே நாடும் நீளமும் எடுத்தன என்றால் மிகையாகாது.

700 காவதம் எவ்வளவு தூரம்? காவதத்துக்குப் பத்து மைல் என்ற வழக்குக் கணக்கை வைத்துப் பெருக்கியவர்களுக்கு 7,000 மைல் கிடைத்தது. ஏறத்தாழ 11,250 கிலோமீட்டர். உலக உருண்டையில் இதை அளந்து பார்க்கலாம். கன்னியாகுமரி 8 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அங்கிருந்து தென் துருவத்துக்கு 98 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 10,900 கிலோமீட்டர் கூட வராது. அதாவது, இந்தக் கணக்கை நேர் தெற்காக எடுத்துக்கொண்டால் பஃறுளியாறு தென் துருவத்தையும் தாண்டி மறுபக்கம் போய்விடும். மறைமலையடிகள் 1948இல் கண்டம் தென் துருவம் வரை நீண்டது என்று எழுதினார். பரிதிமாற் கலைஞர் நிறுத்திய கெர்குலன் தீவுகளோ குமரியிலிருந்து சுமார் 6,300 கிலோமீட்டர் தெற்கே. இருவருக்கும் இடையே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் வேறுபாடு. இத்தனைக்கும் இருவரும் ஒரே மரபில் நின்று ஒரே உரைச் சான்றைப் போற்றியவர்கள்.

அடுத்தது நாடு. இங்குதான் சமணர் மலை நமக்குக் கை கொடுக்கிறது. கீழக்குயில்குடி மலையில் தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துகள் இருக்கின்றன. அவற்றைச் செய்வித்த துறவிகளின் பள்ளி எங்கே இருந்தது என்பதை வெண்பு நாட்டுக் குறண்டி என்று அவை குறிக்கின்றன. அக்காலப் பாண்டிய நாட்டில் நாடு என்பது இந்த அளவிலான ஒன்று: ஒரு கண்மாய்த் தொடரையோ ஆற்றங்கரையையோ சுற்றிய ஊர்களின் கூட்டம். சோழ மண்டலத்துக் கல்வெட்டுகளிலிருந்து ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து நாடுகளை வரைபடத்தில் குறித்த எ. சுப்பராயலுவின் 1973ஆம் ஆண்டு நூலும் இதையே காட்டியது. கல்வெட்டைத் தேடி அலைய வேண்டாம் என்பவர்கள் மலைக்கு மேற்கே பார்க்கலாம். திடியன், வாலாந்தூர், புத்தூர், கருமாத்தூர், பாப்பாபட்டி, கொக்குளம், தும்மக்குண்டு, வேப்பனூத்து என்று பிரமலைக் கள்ளரின் எட்டு நாடுகள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. எட்டும் உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்துக்குள் அடக்கம்.

இந்த அளவில் 49 நாடுகளை அடுக்கினால் ஒரு கண்டம் வராது. ஒரு மாவட்டம், மிஞ்சினால் இரண்டு மூன்று. 700 காவதம் என்ற எண்ணும் 49 நாடு என்ற எண்ணும் ஒரே உரைப்பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இன்னும் முக்கியமான இடம் ஒன்று அதே உரையில் உண்டு. கடலில் இழந்த நிலத்துக்கு ஈடாகப் பாண்டியன் சோழ நாட்டெல்லையில் முத்தூர்க் கூற்றத்தையும் சேர நாட்டில் குண்டூர்க் கூற்றத்தையும் எடுத்துக்கொண்டான் என்கிறார் அடியார்க்கு நல்லார். கூற்றம் என்பதும் நாட்டைப் போன்ற ஒரு சிறு பிரிவுதான். இரண்டு கூற்றங்கள்! ஏழாயிரம் மைல் நிலத்தை இழந்தவனுக்கு இரண்டு கூற்றம் எப்படி ஈடாகும்? இழப்பையும் ஈட்டையும் தராசில் வைத்த உரையாசிரியர் அந்த நிலத்தைக் கண்டமாக நினைக்கவில்லை என்பதே என் முடிபு. எண்ணைப் பிடித்துக்கொண்ட வரைபடக்காரர்கள் ஈட்டை விட்டுவிட்டார்கள். நான் பார்த்த படங்களில் முத்தூர்க் கூற்றமும் குண்டூர்க் கூற்றமும் எங்கும் இல்லை.

'செந்தமிழ்' இதழின் 1916ஆம் ஆண்டுப் படம் இந்த வகையில் தனித்து நிற்கிறது. சுப்பிரமணிய சாஸ்திரி கண்டக் கோட்பாட்டை மறுக்கவே எழுதினார். இழந்த நிலம் ஒரு தாலுகா அளவுதான், சில நூறு சதுர மைலுக்கு மேல் இராது என்பது அவர் வாதம். ஆனால் தம் கருத்தை மட்டும் அவர் வரையவில்லை. தாம் மறுத்த சண்முகம் பிள்ளையின் குமரிநாட்டையும் அதே படத்தில் காட்டினார். வாசகர் இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். கருத்து வேறுபாட்டை வரைபடத்துக்குள்ளேயே வைத்த அந்த நேர்மை பின்னால் வந்தவர்களிடம் வளரவில்லை. 1927இல் மு. சி. பூரணலிங்கம் பிள்ளை வெளியிட்ட படம், பிரளயங்களுக்கு முந்தைய புராண இந்தியா என்ற தலைப்போடு, தமிழ் நூல்களிலிருந்தும் வடமொழி நூல்களிலிருந்தும் பெயர்களை எடுத்து நிலத்தை நிரப்பியது. இராவண காவியம் பாடிய புலவர் குழந்தையின் 1946 படத்தில் தென்மதுரையும் கபாடபுரமும் ஏறின. 1977இல் இரா. மதிவாணன் 49 நாடுகளுக்கும் இடம் ஒதுக்கிப் பெயர் எழுதினார். இந்த வரிசையில் மிக விரிவானது அதுதான். நா. மகாலிங்கம் 1981இல் வெளியிட்ட படம், கி.மு. 30,000 என்று காலம் குறித்து, அதை மூழ்கிய தமிழ்நாடு என்று அழைத்தது. ஒவ்வொரு படியிலும் விவரம் கூடியது. ஆனால் இடையில் புதிய கல்வெட்டோ புதிய ஏடோ எதுவும் கிடைத்திருக்கவில்லை.

கபாடபுரத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வான்மீகி இராமாயணம் பாண்டியரின் கவாடத்தைப் பேசுகிறது; அர்த்தசாத்திரம் பாண்டிய கவாடக முத்தைச் சொல்கிறது. முத்தென்றால் மன்னார் வளைகுடா. கவாடம் என்பது கபாடபுரமே என்று கொண்டு, அதைத் தாமிரபரணி முகத்துவாரத்தின் அருகே, கொற்கைப் பக்கம் தேடியவர்கள் உண்டு. கண்ட வரைபடங்களோ அதே ஊரை நடுக்கடலில் வைக்கின்றன. ஒரு ஊர், இரண்டு முகவரி. கொற்கை சொல்லும் செய்தி இன்னொன்று: சங்ககாலத்தில் துறைமுகமாக இருந்த அந்த ஊர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே கடல் நிலத்தைக் கொள்ளவில்லை, விட்டுக்கொடுத்தது.

சரி, தமிழ் நூல்கள் தராத அந்தப் பெரிய ஓரம் எங்கிருந்து வந்தது? 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர், மடகாஸ்கரில் மிகுந்தும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சிதறியும் காணப்படும் லெமூர் இனத்தின் பரவலை விளக்க, இடையே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் அதையே மனித இனத்தின் தொட்டிலாக்கி வரைபடத்தில் குறித்தார். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி 1888இல் அதை ஆன்மிக வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டார். அதே சபையின் ஸ்காட் எலியட் 1904இல் லெமூரியாவுக்கென்றே தனி நூல் எழுதி வரைபடங்களை இணைத்தார். சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாற்றில்.

இதே ஆண்டுகளில்தான் தமிழ் ஏடுகள் அச்சேறின. இறையனார் அகப்பொருளும் கலித்தொகையும் 1880களில் சி. வை. தாமோதரம் பிள்ளை பதிப்பாக. சிலப்பதிகாரம் அடியார்க்கு நல்லார் உரையோடு 1892இலும் புறநானூறு 1894இலும் உ. வே. சாமிநாதையர் பதிப்பாக. கடல்கோள் பற்றிய வரிகளைத் தமிழ் படித்தோர் முதல்முறை அச்சில் பார்த்த அதே பத்து இருபது ஆண்டுகளில் ஆங்கிலம் படித்தோர் கையில் லெமூரியா இருந்தது. ஒன்று மற்றொன்றைச் சான்றளிப்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை. பரிதிமாற் கலைஞர் 1903இல் மறைந்தபோது வயது 33தான். அன்றைய அறிவியல் ஏற்றுக்கொண்டதாக நினைத்த ஒன்றைத் தம் மொழியின் வரலாற்றோடு இணைத்தார். அதற்காக அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. குமரிக் கண்டம் என்ற பெயரும் இப்படி இடம் மாறி வந்ததே. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அது பாரதத்தின் ஒன்பது கண்டங்களில் ஒன்று. மூழ்கிய தென்னிலத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது 1930களுக்குப் பிறகு.

கற்பனை உலகத்தின் வரைபடங்களை ஒப்பிட்டு முரண் தேடும் வேலையை இன்றைய இளைஞர்கள் நன்கு அறிவார்கள், வீடியோ கேம் வழியாக. நின்டெண்டோவின் 'செல்டா' விளையாட்டுகளில் வரும் ஹைரூல் நாடு 1986இல் ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு நடந்து கடக்கும் பெரிய நிலம். 1987இல் வந்த இரண்டாம் விளையாட்டில் அந்த நாடு முழுவதும் தெற்கே ஒரு சிறு துண்டாகச் சுருங்கிவிட்டது. அடுத்தடுத்த விளையாட்டுகளில் மலையும் ஏரியும் இடம் மாறின. ஆடுபவர்கள் இதற்கு விளக்கம் தேடினார்கள்: இடையே பல நூற்றாண்டு போயிருக்கும், வெள்ளம் வந்திருக்கும், காலமே கிளை பிரிந்திருக்கும். 2011இல் நிறுவனமே மூன்று கிளையாகப் பிரியும் ஒரு கால அட்டவணையை வெளியிட்டது. குமரிக் கண்ட எழுத்துகளிலும் இதே உத்தி வேலை செய்கிறது. இரண்டு படங்கள் பொருந்தாவிட்டால் இடையே ஒரு கடல்கோள் சேர்க்கப்படுகிறது. இது முதல் ஊழிக்கு முந்தைய படம், அது இரண்டாவதற்குப் பிந்தைய படம் என்று சொல்லிவிடலாம். வரைந்தவர் யார், எதை வைத்து வரைந்தார் என்ற கேள்வி அதோடு மறைந்துபோகும். விளையாட்டில் அது குற்றமில்லை. ஹைரூல் ஒரு படைப்பு என்று ஆடும் சிறுவனுக்குத் தெரியும், கேட்டால் சொல்ல அதைப் படைத்தவர்களும் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளை ஒருவன் கைபேசியில் பார்க்கும் குமரிக் கண்டப் படத்துக்கு அந்த வசதி கிடையாது.

நிலவியல் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். வேக்னர் 1912இல் முன்வைத்த கண்டப் பெயர்ச்சிக் கருத்து 1960களில் உறுதிப்பட்டபோது மூழ்கிய நிலப்பாலங்களுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. இந்தியா மடகாஸ்கரிலிருந்து பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் மனித இனத்தின் வயது மூன்று லட்சம் ஆண்டுதான். நடுக்கடலின் தரை எரிமலைக் கல்லால் ஆனது. அதில் மூழ்கிய கண்டம் கிடையாது. கெர்குலன் மேட்டுநிலம் ஒரு காலத்தில் நீருக்கு மேல் இருந்தது உண்மை. மொரீசியஸ் மணலில் மிகப் பழைய சிர்கான் துகள்கள் கிடைத்ததாக 2013இல் ஆய்வு வந்ததும் உண்மை. இரண்டுமே மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முந்தைய கதை.

ஆனால் கடல் நிலத்தைக் கொண்டது பொய்யில்லை. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் வரை கீழே இருந்தது. பாக் நீரிணை அன்று தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரிமுனைக்குத் தெற்கே இன்று மீனவர்கள் வலை போடும் வாட்ஜ் மேடும் நிலமாக இருந்திருக்கும். பிறகு சில ஆயிரம் ஆண்டுகளில் நீர் ஏறியது. நிலவியலாளர் சு. கி. ஜெயகரன் 2002இல் எழுதிய நூலுக்குக் 'குமரி நில நீட்சி' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே அவர் முடிவு: கண்டம் இல்லை, கரையோர நீட்சி உண்டு. அந்த நினைவு அத்தனை ஆயிரம் ஆண்டு தாண்டிச் சங்கப் பாட்டுக்கு வந்ததா என்று உறுதி சொல்ல வழியில்லை. அதற்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் போயிற்று. 2004 டிசம்பர் 26ஐக் கரையோரத் தமிழர் எவரும் மறக்கவில்லை. கடல் ஊரைக் கொள்ளும் என்பது இந்த மக்களின் அனுபவ அறிவு. அடியார்க்கு நல்லாருக்கு முன்னும் பின்னும் அது உண்மை.

சுமதி ராமசாமி 2004இல் லெமூரியா பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்த வரைபடங்களுக்கு நிறைய பக்கங்கள் ஒதுக்கியது. இழப்பைப் பேணும் உழைப்பு என்ற நோக்கில் அவர் அவற்றைப் படித்தார். அது மதிப்புள்ள வாசிப்பு. ஆனாலும் தமிழ்ப் புலமை மரபுக்குள்ளேயே மறுப்பும் அளவீடும் இருந்தன என்பதற்கு நான் கூடுதல் அழுத்தம் தருவேன். வெளியிலிருந்து வந்த அறிவியல்தான் நம் கனவைக் கலைத்தது என்று நம்புகிறவர்கள் பலர். 'செந்தமிழ்' கட்டுரை வந்தபோது வேக்னரின் கருத்து இங்கே யாருக்கும் எட்டியிருக்காது. உரையை ஒழுங்காகப் படித்த தமிழ் அறிஞர் ஒருவர், ஒரு தமிழ் இதழில், அது தாலுகா அளவு என்று சொல்லிவிட்டார். அந்தக் குரல் ஏன் தோற்றது என்பது தனி ஆய்வுக்குரியது. ஒரு காரணம் தெரிகிறது: 1981 சனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில், முதலமைச்சர் எம்.ஜி.ஆரின் ஆதரவில் ப. நீலகண்டன் இயக்கிய குமரிக் கண்ட ஆவணப்படம் அரசுச் செலவில் திரையிடப்பட்டது. கண்டப் பெயர்ச்சியையும் மூழ்கிய கண்டத்தையும் அது ஒரே கதையாக்கியது. அரசின் முத்திரையோடு வந்த அசையும் படத்துக்கு முன் ஒரு பழைய இதழின் மடிப்புத்தாள் என்ன செய்யும்?

தமிழின் தொன்மைக்கு இந்தக் கண்டம் தேவை என்று இன்னும் நினைப்பவர்கள் மதுரைக்குத் தென்கிழக்கே கீழடிக்குப் போய் வரட்டும். அங்கே குழிக்குக் குழி எண், மண்ணடுக்குக்கு அடுக்கு ஆழம், பொருளுக்குப் பொருள் இடம் எழுதப்பட்ட வரைபடங்கள் இருக்கின்றன, கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை காலம் போகிறது. சமணர் மலையின் கல்வெட்டுகளும் அப்படியே: நாடு, ஊர், செய்தவர் பெயர், செய்வித்தவர் பெயர். குமரிக் கண்ட வரைபடங்களையும் அதே ஒழுங்கோடு நடத்துவதுதான் அவற்றை வரைந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. 1916 முதல் வந்த அத்தனை படங்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, உரைச் சான்றோடு பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட ஒரு தொகுப்பை மதுரையின் தமிழ் நிறுவனங்கள் வெளியிட வேண்டும். அது வரும்வரை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரைந்தவர் பெயர், ஆண்டு, ஆதாரமான உரைப்பகுதி ஆகிய மூன்றும் இல்லாத குமரிக் கண்டப் படத்தை வகுப்பில் காட்டாதீர்கள்.